14 வருடம் சைக்கிள், இப்போது 9 மீட்டர் வண்டி: திரும்பும்போது கை நடுங்குகிறது

மிதிவண்டி நூலகர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை செயின், டயர், பிரேக் கட்டை பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன். இன்று கொஞ்சம் கட்சி மாறிய கேள்வி. திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். போக வர ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர், 14 வருடமாக சைக்கிள்தான். எங்கள் நடமாடும் நூலக வண்டியை ஓட்டியவர் ஓய்வு பெறுகிறார். புத்தகமும் தெரிந்த, வண்டியும் ஓட்டக்கூடிய ஆள் வேண்டும் என்று தேடிக் கடைசியில் என்னிடம் வந்து நின்றார்கள். எந்தத் தைரியத்தில் சரி என்றேன் என்று இன்றுவரை புரியவில்லை. கனரக வாகனப் பயிற்சி எடுத்து, தேர்வும் தேறி, உரிமம் கைக்கு வந்துவிட்டது. இந்த மூன்று வாரமாகப் பழைய ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, அந்த வண்டியையே ஓட்டிப் பழகுகிறேன். பஸ் சேசிஸில் கட்டியது. நீளம் 9 மீட்டர். உள்ளே இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அலமாரி, அதனால் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. கேபினுக்கு நடுவில் தொங்கும் கண்ணாடியில் தெரிவதெல்லாம் நாவல் வரிசைதான்.

சைக்கிளில் இருந்தவரை பெரிய வண்டிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரே தெரியும், என்னைத் தெரியாதா? உரசிப் போகிறார் என்றால் திமிர். பின்னால் உறுமிக்கொண்டே வருகிறார் என்றால் அவசரம். சிக்னலில் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் புகுந்து, முன் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பது என் வழக்கம். வெயில் நாளில் அங்கே நல்ல நிழல் இருக்கும். ஓட்டுநரின் முகம் பக்கக் கண்ணாடியில் தெரிந்தால் அவருக்கும் நான் தெரிகிறேன் என்று நிம்மதியாக ஒரு காலை நடைபாதை விளிம்பில் ஊன்றிக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சிக்னலில் முதல் வண்டியாக நிற்கிறேன். நடைபாதைப் பக்கமாகத் திரும்ப வேண்டும். (இடமா வலமா என்று எழுதவில்லை. இங்கே இரண்டு விதமான நாடுகளிலும் இருப்பவர்கள் படிக்கிறீர்கள். ஓரப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.) இண்டிகேட்டர் போட்டாயிற்று. ஓரக் கண்ணாடியைப் பார்த்தேன், காலி. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையோடு கடந்துகொண்டிருந்தார், அவரைப் பார்த்தேன். பச்சை விழுந்தது. கிளட்சை விட்டு ஸ்டியரிங்கைச் சுற்றத் தொடங்கினேன். பழைய ஓட்டுநர் "நிறுத்து!" என்று போட்ட சத்தத்தில் பிரேக்கை முழுவதுமாக மிதித்துவிட்டேன். பின்னால் குழந்தைகள் அலமாரியிலிருந்து புத்தகங்கள் மொத்தமாகச் சரியும் சத்தம். எட்டிப் பார்த்தால், கதவுக்குக் கீழே, ஒரு கை தூரத்தில், மஞ்சள் பையை மாட்டிக்கொண்டு ஒரு பையன். பதினாறு வயது இருக்கும். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். 14 வருடமாக எத்தனையோ ஓட்டுநர்களை நான் பார்த்த பார்வை அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளங்கை வேர்க்கிறது. சைக்கிள் ஒன்று முன்னால் போனால் முந்தவே மனம் வரமாட்டேன் என்கிறது. ஒரு கிலோமீட்டர் ஆனாலும் பின்னாலேயே ஊர்கிறேன். பின்னாலிருக்கும் கார்கள் ஹாரன் அடிக்க, "நீங்க பஸ்ஸையும் சைக்கிள் மாதிரி ஓட்டுறீங்க" என்கிறார் பழைய ஓட்டுநர். நல்ல மனிதர், கேலியாகத்தான் சொல்கிறார். ஆனால் 30 வருடம் ஓட்டியவருக்கு அவர் செய்வது என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "பழகினா வந்துடும்" என்கிறார். பழகுவதற்குள் யாராவது சக்கரத்தில் விழுந்துவிட்டால்?

இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திரும்பும்போது கண் எங்கே இருக்க வேண்டும், எந்த வரிசையில்? சைக்கிளை முந்துவதா, பின்னாலேயே போவதா, எப்படி முடிவு செய்வது? அப்புறம் ஒன்று. நான் நின்று, "நீ போ" என்று கையசைத்து வழிவிடுவது சரியா? நான் சைக்கிளில் இருக்கும்போது யாராவது அப்படிச் செய்தால் சந்தோஷமாக இருக்கும்.

---

நாலாம் கியர்

சைக்கிள்காரர்கள் சிக்னலை மதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். இண்டிகேட்டர் போட்ட வண்டியின் ஓரத்தில் புகுந்தவன் தப்பு அவனுடையது. இதற்கு நீங்கள் ஏன் வேர்க்கிறீர்கள்?

---

மிதிவண்டி நூலகர்

நான் இண்டிகேட்டர் போட்டபோது அவன் ஏற்கெனவே வண்டியின் பாதி நீளத்தில் இருந்திருப்பான். பக்கவாட்டில் இருந்தவனுக்கு என் பின் இண்டிகேட்டர் எப்படித் தெரியும்? தப்பு யாருடையது என்று பிறகு பேசிக்கொள்ளலாம். என் எடை எட்டு டன், அவனுடையது பையோடு சேர்த்து எழுபது கிலோ. வேர்க்கத்தான் செய்யும்.

---

பழைய ஸ்டியரிங்

தங்கச்சி, 27 வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உன் கை நடுங்குவது நல்ல விஷயம். எனக்கு முதல் நாலு வருடம் நடுங்கவே இல்லை. அந்த நாலு வருடத்தில் இரண்டு கண்ணாடி, ஒரு விளக்குக் கம்பம், ஒரு பழக்கடைத் தார்ப்பாய் போயிற்று. ஆள் மேல் படாதது என் திறமை இல்லை.

முதலில் சீட்டு. பலரும் கார் சீட்டு மாதிரி சாய்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நிமிர்த்தி வை. கண்ணாடிகளை உன் சீட்டில் நீ உட்கார்ந்த பிறகு திருத்து. உன் பழைய ஓட்டுநர் உன்னைவிட உயரம் என்றால் அவர் வைத்த கண்ணாடியில் உனக்கு வானம்தான் தெரியும். ஓரப் பக்கத்தில் மூன்று கண்ணாடி இருக்கிறதா என்று பார். தட்டையானது ஒன்று, அது தூரத்துக்கு. அதன் கீழே வளைந்தது ஒன்று, அது அகலத்துக்கு. கதவுக்கு மேலே கீழ்நோக்கிப் பார்ப்பது ஒன்று. அந்தப் பையன் நின்றது மூன்றாவதில் தெரியும் இடம். நீ பார்த்தது முதலாவதை. சரியாகச் சொல்கிறேனா?

வளைந்த கண்ணாடியில் எல்லாம் சின்னதாக, தூரத்தில் இருப்பது மாதிரி தெரியும். சைக்கிள் ஒரு ஈ அளவுக்குத் தெரிந்தாலும் பக்கத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்.

திரும்பும் வரிசை கேட்டாய். நான் செய்தது இது. சிக்னலுக்கு வருவதற்கு நன்றாக முன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தைப் பார்ப்பேன். நான் எந்த சைக்கிளைத் தாண்டி வந்தேன் என்று மனசில் எண்ணிக்கொள்வேன். இரண்டு சைக்கிளைத் தாண்டினேன் என்றால், சிவப்பில் நிற்கும்போது அந்த இரண்டும் என் ஓரத்துக்கு வந்தே தீரும். வரவில்லை என்றால், வரும்வரை எனக்குக் கணக்கு தீரவில்லை. கண்ணாடியில் தேடிக் கண்டுபிடிப்பதைவிட இது சுலபம். யாரைத் தேடுகிறோம் என்று தெரியுமே.

பச்சை விழுந்ததும் முன்னால், எதிர் மூலை, ஓரக் கண்ணாடி, கீழ்க் கண்ணாடி. வண்டி நகரத் தொடங்கியதும் மறுபடி ஓரம். ஸ்டியரிங்கைச் சுற்றும்போது மறுபடி ஓரம், இந்தத் தடவை பின்சக்கரத்தைப் பார்க்கும் வரை கண்ணை எடுக்காதே. ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாதே. பின்னால் ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும், அவனால் உன்னைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொன்று. சீட்டில் ஆடு. சிரிக்காதே. முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் தூணும், அதில் மாட்டியிருக்கும் கண்ணாடிகளும் சேர்ந்து ஒரு சுவர் மாதிரி நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே மறையும். முன்னே ஒரு சாண், பக்கவாட்டில் ஒரு சாண் உடம்பை நகர்த்திப் பார்த்தால்தான் அங்கே யார் என்று தெரியும். சந்தியில் ஓட்டுநர் முன்னும் பின்னும் ஆடுவதை நீ சைக்கிளிலிருந்து பார்த்திருப்பாய், பாட்டுக் கேட்கிறான் என்று நினைத்திருப்பாய்.

கையசைக்கும் விஷயம்: வேண்டாம். நீ நிற்கலாம், வழி விடலாம், அது உன் இஷ்டம். ஆனால் "வா" என்று கூப்பிடாதே. உனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கார் உன்னைத் தாண்டி வருவது உனக்கே தெரியாது. உன்னை நம்பி வந்தவன் அதில் மாட்டுவான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் பல வருடம் அதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், செய்துவிட்டு வந்து எழுது. காலி மைதானத்தில் வண்டியை நிறுத்து. உன் சைக்கிளைக் கொண்டுபோ. யாராவது அதைத் தள்ளிக்கொண்டு வண்டியைச் சுற்றி வரட்டும். நீ மேலே சீட்டில் உட்கார். சைக்கிள் கண்ணிலிருந்து மறையும் இடத்திலெல்லாம் தரையில் சாக்குக் கட்டியால் கோடு போடச் சொல். கண்ணாடியோடு ஒருமுறை, கண்ணாடி இல்லாமல் நேர்ப் பார்வையில் ஒருமுறை.

---

அச்சும் ஆரமும்

பழைய ஸ்டியரிங் ஐயா சொன்னதற்குக் கொஞ்சம் கணக்கு சேர்க்கிறேன். வண்டி வடிவமைப்பு என் தொழில்.

திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வெட்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. முன் அச்சு போகும் வட்டத்தின் ஆரத்தை வர்க்கமாக்கி, வீல்பேஸின் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம்) வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள், பின் அச்சின் ஆரம் வரும். 12 மீட்டர் பேருந்துக்கு வீல்பேஸ் 6 மீட்டர் என்று வைப்போம். முன் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் 100 கழித்தல் 36, அதாவது 64. வர்க்கமூலம் 8. முழு வட்டம் சுற்றினால் பின்பக்கம் 2 மீட்டர் உள்ளே வரும். சாலை மூலையில் கால் வட்டம்தான் திரும்புகிறோம் என்பதால் அதைவிடக் குறையும், ஆனாலும் ஒரு சைக்கிள் நிற்கும் இடம் மொத்தமாகப் போய்விடும். சைக்கிள்காரருக்கு வண்டியின் முன்பக்கம் தன்னைவிட்டு விலகிப் போவது மாதிரி இருக்கும். சுவர் மாதிரி நடுப்பகுதி நெருங்கி வரும்போதுதான் விஷயம் புரியும். உங்கள் வண்டியின் வீல்பேஸை அளந்து சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். நெரிசலில் சைக்கிள் மணிக்கு 18 கிலோமீட்டர் போகும் என்றால் நொடிக்கு 5 மீட்டர். நின்றிருக்கும் உங்கள் வண்டி 9 மீட்டர். கண்ணாடியைப் பார்த்துக் காலி என்று முடிவு செய்து, இரண்டு நொடி தள்ளுவண்டி அம்மாவைப் பார்த்தீர்கள். அந்த இரண்டு நொடியில் அவன் பின் பம்பரிலிருந்து முன் கதவு வரை வந்துவிட்டான். நீங்கள் பார்த்ததும் உண்மை, காலியாக இருந்ததும் உண்மை. அதனால்தான் ஐயா நகரத் தொடங்கிய பிறகும் பார் என்கிறார்.

முந்துவதற்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. சைக்கிள் 20, நீங்கள் 30 என்றால் வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான், நொடிக்கு 2.8 மீட்டர். உங்கள் நீளம், அவருடைய நீளம், முன்னே 5 மீட்டர், பின்னே 5 மீட்டர் இடைவெளி என்று கூட்டினால் 21 மீட்டர். கடக்க ஏழரை நொடி ஆகும். அதற்குள் நீங்கள் சாலையில் 60 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். ஆக, அடுத்த 100 மீட்டருக்குள் சிக்னலோ, நிறுத்தமோ, திருப்பமோ இருந்தால் முந்துவதில் அர்த்தமே இல்லை. நூலக வண்டிக்கு நிறுத்தங்கள் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். பின்னாலேயே போனதில் பாதி நேரம் நீங்கள் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். 2020இல் மாற்றிய விதிப்படி, ஊருக்குள் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும், ஊருக்கு வெளியே 2 மீட்டர். 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள் ஊருக்குள் சைக்கிள், நடையாளர் வரக்கூடிய இடத்தில் ஓரப் பக்கம் திரும்பினால் நடை வேகத்தில்தான் திரும்ப வேண்டும். ஐயா தன் அனுபவத்தில் சொன்னது அங்கே சட்டத்திலேயே இருக்கிறது.

---

நாலாம் கியர்

1.5 மீட்டர் விட்டால் எதிர் வரிசைக்குப் போக வேண்டியிருக்கும் சாலைகள் எத்தனையோ.

---

அச்சும் ஆரமும்

ஆமாம். அங்கே முந்த முடியாது என்று அர்த்தம்.

---

பார்சல் பெடல்

நான் சைக்கிளில் பார்சல் கொண்டு போகிறவன், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தெருவில். அக்கா, உங்களிடம் இருக்கிற ஒரு விஷயம் மற்ற ஓட்டுநர்களிடம் கிடையாது. அதை யாருமே சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு சைக்கிள்காரரின் முதுகைப் படிக்கத் தெரியும். சீட்டிலிருந்து இடுப்பு எழும்பினால் பள்ளம் வருகிறது, விலகப் போகிறார். தலை தோளுக்கு மேல் திரும்பினால் இரண்டு நொடியில் நடுச் சாலைக்கு வருவார். பெடல் சுற்றுவது நின்றால் முன்னால் எதையோ பார்த்துவிட்டார். நிறுத்திய கார் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளிப் போகிறார் என்றால் உங்கள் வழியை அடைக்க அல்ல, யாராவது கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற பயம். மேட்டில் நின்று மிதித்தால் வண்டி இரண்டு பக்கமும் ஆடும், அப்போது இன்னும் இடம் வேண்டும். மழைநீர் இறங்கும் கம்பி வலைக்கு மேல் எவரும் ஏற்றமாட்டார்கள், அது வந்தால் கட்டாயம் உள்ளே வருவார்கள். இதையெல்லாம் கார் மட்டுமே ஓட்டியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறேன் தெரியுமா.

இரண்டாவது, பின்னால் ஊர்வது பற்றி. மெதுவாக வருவது பிரச்சினை இல்லை, எவ்வளவு நெருங்கி வருகிறீர்கள் என்பதுதான் பிரச்சினை. முதுகுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் டீசல் என்ஜின் உறுமினால் நான் பதறி ஓரத்துக்குப் போவேன், ஓரத்தில்தான் மணலும் கண்ணாடிச் சில்லும் இருக்கும். 15 மீட்டர் விட்டு வாருங்கள். ஏர் பிரேக் "புஸ்" என்று காற்று விடும் சத்தத்தில் திடுக்கிட்டு ஒரு தடவை விழுந்திருக்கிறேன், வண்டி என்னைத் தொடவே இல்லை. அதேபோல முந்தினால் தயங்காமல் முந்துங்கள். பாதியில் நின்று பக்கத்திலேயே கூடவே வருகிற பெரிய வண்டிதான் எங்களுக்கு இருப்பதிலேயே மோசம். ஒரு பக்கம் நடைபாதை விளிம்பு, இன்னொரு பக்கம் சக்கரம், தப்ப வழியே இருக்காது.

லண்டனில் காவல்துறை ஒரு நிகழ்ச்சி நடத்தியது. சைக்கிள்காரர்களை லாரி கேபினில் ஏற்றி உட்காரவைத்து, "கீழே யார் தெரிகிறார்கள், சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். ஓட்டுநர்களை சைக்கிளில் தெருவுக்கு அனுப்பும் பயிற்சியும் அங்கே உண்டு. அதே மாதிரி ஒன்றில் நானும் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஐந்து சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள், எனக்கு இரண்டுதான் தெரிந்தது. அன்றிலிருந்து சிவப்பில் நிற்கும் பெரிய வண்டியின் ஓரத்தில் புகுவதே இல்லை. பின்னாலேயே நிற்பேன். பார்சல் இரண்டு நிமிடம் தாமதமாகப் போகும், போகட்டும்.

---

அச்சும் ஆரமும்

லண்டன் பேச்சு வந்ததால்: அங்கே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, கண்ணாடியோ கேமராவோ இல்லாமல் சீட்டிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து 0 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச் முதல் அனுமதி இல்லாமல் நகருக்குள் வர முடியாது. 2024 அக்டோபரில் குறைந்தபட்சம் மூன்று நட்சத்திரம் என்று உயர்த்தினார்கள், இல்லையென்றால் சென்சார், கேமரா எல்லாம் கூடுதலாக மாட்ட வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதுதான் இதன் அடிப்படை. கேபின் உயரம் கூடக் கூட ஊர் தெரியும், கால் அடியில் இருப்பது மறையும். நீங்கள் சைக்கிளிலிருந்து நினைத்ததற்கு நேர் எதிர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலைக்குப் பிறகு பதிவாகும் புதிய லாரி, பேருந்து எல்லாவற்றிலும் ஓரத்தில் சைக்கிள் வந்தால் எச்சரிக்கும் சென்சார் கட்டாயம். உங்கள் வண்டி பழையது என்றால் தனியாக வாங்கி மாட்டவும் செய்யலாம், நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. மலிவான சென்சார்கள் குப்பைத் தொட்டிக்கும் கம்பத்துக்கும் கூடக் கத்தும். ஒரு வாரத்தில் உங்கள் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடும். சைக்கிளையும் கம்பத்தையும் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

---

மிதிவண்டி நூலகர்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை சாக்குக் கட்டி வேலையைச் செய்தோம்.

என் சைக்கிளைத் தள்ளியது பழைய ஓட்டுநர். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் சாக்குக் கட்டி, இரண்டு அடிக்கு ஒருமுறை மணி அடித்து, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை நாலு சுற்று சுற்றினார். முதல் சுற்று கண்ணாடி எல்லாவற்றோடும். பரவாயில்லை, இரண்டே இடத்தில்தான் காணாமல் போனார். ஒன்று நேர் பின்னால், அது எதிர்பார்த்தது. இன்னொன்று ஐயா சொன்ன அந்தத் தூணும் கண்ணாடியும் சேர்ந்த சுவருக்குப் பின்னால், சாய்வாக ஆறேழு மீட்டர் நீளத்துக்கு. மணிச் சத்தம் கேட்கிறது, ஆள் இல்லை. நான் சீட்டில் ஒரு சாண் முன்னே போனதும் முழு உருவமாக வந்து நின்றார், சைக்கிளோடு. பயந்தேவிட்டேன்.

அடுத்த சுற்று கண்ணாடி இல்லாமல், அட்டை வைத்து மறைத்துவிட்டு. ஓரப் பக்கத்தில் கதவு தொடங்கி வண்டியின் வால் வரைக்கும் ஒரே கோடு போட்டுக்கொண்டே போனார். இறங்கிப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் கோடு வெளிப்பக்கமாக வயிறு மாதிரி வளைந்து ஒரு பெரிய வட்டம். மதியம் ஆகிவிட்டது, வண்டியின் நிழல் சரியாக அந்த வட்டத்துக்குள் விழுந்திருந்தது. வெயில் தாங்காமல் பழைய ஓட்டுநர் என் சைக்கிளோடு அதற்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அட்டையை எடுத்துவிட்டு இங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் காலியான ஓட்டுநர் சீட்டு நன்றாகத் தெரிகிறது.

எத்தனை வருடம் அங்கே நின்றிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

சரி, கணக்கு விஷயம். வீல்பேஸ் அளந்தோம், 4.8 மீட்டர். 10 மீட்டர் ஆரத்துக்குப் போட்டால் 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. என் ஹேண்டில்பார் அகலம் 60 சென்டிமீட்டர். இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாக நிற்கும் இடம். அதையும் தரையில் வரையச் சொல்லி, மெதுவாகத் திருப்பி, பழைய ஓட்டுநரைத் தள்ளி நின்று பின்சக்கரத்தைப் பார்க்கச் சொன்னேன். "30 வருஷமா இதைக் கையாலயே செஞ்சுட்டு இருந்தேன், கண்ணால இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

நான் தாண்டி வந்த சைக்கிள்களை எண்ணும் வழக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. எண்ணிக்கையை வாய்விட்டே சொல்கிறேன். "ஒண்ணு பாக்கி" என்றால் இப்போது பக்கத்தில் இருப்பவரும் தேடுகிறார். முந்தும் கணக்கைப் பார்த்த பிறகு முந்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வது சுலபமாகிவிட்டது. முந்தினால் தயங்குவதில்லை. பார்சல் பெடல் தம்பி சொன்ன 15 மீட்டர் இடைவெளியில் கார்கள் புகுந்துவிடுகின்றன, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. புகுந்தால் மறுபடி இடைவெளி விட்டுக்கொள்கிறேன். கையசைப்பதை நிறுத்திவிட்டேன். அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

நேற்று அதே சிக்னல். எண்ணிக்கையில் ஒன்று பாக்கி, பச்சைச் சட்டை போட்ட பெரியவர். பச்சை விழுந்தது, நான் நகரவில்லை. கீழ்க் கண்ணாடியில் வந்தார், நின்றார், அவரும் நகரவில்லை. நான் திரும்புவேன் என்று அவர் காத்திருக்கிறார். அவர் போவார் என்று நான் காத்திருக்கிறேன். பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. பழைய ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வெளியே வேடிக்கை பார்க்கிறார். கடைசியில் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, இரண்டு மிதி மிதித்து நேராகப் போய்விட்டார். அப்புறம் கண்ணாடி, கீழ்க் கண்ணாடி, பின்சக்கரம் என்று ஐயா சொன்ன வரிசையிலேயே திரும்பினேன். சிக்னல் மறுபடி சிவப்புக்குப் போகும் நேரம். ஒரு புத்தகம்கூட விழவில்லை.

திங்கள் முதல் தனியாக ஓட்டுகிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: பள்ளிக்கூட நிறுத்தத்தில் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வர முடியும். பின்னால் ஜன்னலும் இல்லை, இனி பக்கத்தில் ஆளும் இல்லை.

---

பழைய ஸ்டியரிங்

தங்கச்சி, உள்ளே போகும்போது ரிவர்ஸில் போ, வெளியே வரும்போது நேராக வா. குழந்தைகள் வருவதற்கு முன்னாலேயே போய் நிறுத்திவிடு. பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவரை வாசலில் நிற்கச் சொல், அவர் உன் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே நிறுத்து. மீதியைத் தனிக் கேள்வியாகப் போடு, அது பெரிய கதை.